பென்ஷன் காசுல பொக்காரா: தனியா போய் குடியிருக்க நினைக்கிற அக்காமாருக்கு

நான் நேபாளத்துல பொக்காராங்கற ஊர்ல குடியிருக்கேன்னு சொன்னதும் எல்லாரும் கேக்கற முதல் கேள்வி, "தாய்லாந்து, மலேசியான்னு போனாலும் சரி, போயும் போயும் நேபாளமா?"ங்கறது தான். பதில் ரொம்ப சிம்பிள், என் பென்ஷன் 42,000 ரூபா. தாய்லாந்துல 50 வயசு தாண்டினவங்களுக்கு ரிட்டயர்மென்ட் விசா இருக்கு, ஆனா பேங்க்ல 8 லட்சம் பாட் வெச்சிருக்கணும், இல்லன்னா மாசம் 65,000 பாட் வருமானம் காட்டணும், அது நம்ம காசுல ஒன்றரை லட்சத்துக்கு மேல போயிடும். மலேசியாவோட எம்எம்2எச்ங்கற நீண்டகாலம் தங்கற விசா திட்டத்துல இப்ப சில்வர்ங்கற வகைக்கே 1,50,000 டாலர் டெபாசிட், அது போக வீடும் வாங்கணும். இதெல்லாம் வெள்ளைக்கார பென்ஷனுக்குன்னு தச்ச சட்டை, நமக்கு தோள்லயே நிக்காது. இந்திய பாஸ்போர்ட் வெச்சிருக்கறவங்க விசா இல்லாம, டெபாசிட் இல்லாம, இத்தனை நாள் தான்னு கணக்கு இல்லாம போய் இருக்கக்கூடிய வெளிநாடுன்னு பாத்தா பக்கத்துல நேபாளம் தான், 1950ல ரெண்டு நாடும் போட்ட ஒப்பந்தத்தால வந்தது அது.

நான் திருச்சில தபால் துறைல 33 வருஷம் குப்பை கொட்டி 2020ல ரிட்டயர் ஆனவ. வீட்டுக்காரர் அதுக்கு முன்னாடியே போயிட்டாரு, பையன் பெங்களூர்ல. 2021 கடைசில முக்திநாத் டூர் வந்தேன், நம்ம ஊர் ஆளுங்க நேபாளம் வர்றதே அதுக்கு தானே, 108 திவ்ய தேசத்துல சாளக்கிராமம்னு சொல்றது அது தான், திருமங்கையாழ்வார் பாடினது. 3,700 மீட்டருக்கு மேல இருக்கற கோயில், போற வழியில பொக்காராவுல ரெண்டு நாள் தங்கணும். அந்த ரெண்டு நாள்ல ஏரிக்கரையில உக்காந்து மச்சாபுச்ரே மலைய பாத்துட்டு இருந்தப்போ ஒரு விஷயம் தோணுச்சு, இங்க என்னை யாரும் "தனியாவா இருக்கீங்க? பையன்கூட போயிடலாமே?"ன்னு கேக்கல. சரி பாத்துடுவோம்னு 2022ல வந்தேன். இப்ப எனக்கு 66.

இனிமே விஷயத்துக்கு வர்றேன், நான் பட்டுத் தெரிஞ்சிக்கிட்ட வரிசையிலயே சொல்றேன்.

முதல்ல, டூர் வந்தப்போ புடிச்சிடுச்சேன்னு வீட்டை காலி பண்ணிட்டு கிளம்பிடாதீங்க. மூணு மாசம் வெள்ளோட்டம் பாருங்க, அதுவும் ஜூன் கடைசியில இருந்து செப்டம்பர் வரைக்கும். எல்லாரும் அக்டோபர்ல வந்து பளிச்சுனு மலை தெரியறத பாத்து மயங்கிடறாங்க. நேபாளத்துலயே ரொம்ப மழை கொட்டற ஊருங்கள்ல பொக்காரா ஒண்ணு, பக்கத்துல லும்லேன்னு ஒரு இடம், அங்க வருஷத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல பெய்யும், நம்ம திருச்சில 800, 900 பெஞ்சாலே பெரிசு. ஜூலைல வாரக்கணக்கா மலையே தெரியாது, துணி காயாது, பீரோவுல புடவைல பூஞ்சை புடிக்கும், சோலார்ல வென்னீர் வராது. ரோடு சரிஞ்சு காத்மாண்டு போற பஸ் நின்னுடும். அந்த மூணு மாசத்த ஓட்ட முடிஞ்சா மத்த ஒம்போது மாசம் உங்களுக்கு சொர்க்கம். ஆனா மார்ச் ஏப்ரல்ல காட்டுத்தீ புகை வந்து மூடிக்கும், ஆஸ்துமா இருக்கறவங்க அந்த ரெண்டு மாசத்தையும் ஒரு தடவை இருந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

வீடு. வெளிநாட்டுக்காரங்க இங்க நிலம், வீடு வாங்க முடியாது, இந்தியர்களும் அதுல சேத்தி தான். யாராவது "என் பேர்ல வாங்கி உங்களுக்கு எழுதிக் கொடுத்துடறேன் ஆன்ட்டி"ன்னு தேனா பேசினா அன்னியோட அவங்க நம்பர பிளாக் பண்ணிடுங்க. வாடகை தான் நமக்கு லாயக்கு. லேக்சைடுன்னு சொல்ற ஏரிக்கரை மெயின் ரோட்டுல எடுக்காதீங்க, ராத்திரி பதினோரு மணி வரைக்கும் பாட்டு, விலையும் டூரிஸ்ட் விலை. அங்கேருந்து பத்து பதினஞ்சு நிமிஷம் நடக்கற தூரத்துல உள்ள தள்ளி குடும்பங்க இருக்கற தெருவா பாருங்க, இல்லன்னா சிப்ளேதுங்கா, மகேந்திரபுல் பக்கம், கடை, மருந்துக்கடை எல்லாம் அங்க கைக்கெட்டற தூரம். நான் கொடுக்கறது 16,000 நேபாளி ரூபா, அதாவது நம்ம காசுல 10,000. நேபாள ரூபா நம்ம ரூபாயோட 1993ல இருந்து 1.6ன்னு கட்டி வெச்சிருக்கு, நம்ம 100 குடுத்தா அவங்க 160. பென்ஷன்ல வாழறவங்களுக்கு இத விட நிம்மதி வேற இல்ல, தாய்லாந்துல இருந்தா தினம் காலைல எழுந்து பாட் ரேட்ட பாத்துக்கிட்டு இருக்கணும்.

மாடிய பத்தி ஒரு வார்த்தை, இத யாரும் சொல்ல மாட்டாங்க. இங்க வீடுங்க மூணு மாடி நாலு மாடியா கட்டியிருப்பாங்க, லிஃப்ட் கிடையாது. மேல் மாடில மலை நல்லா தெரியும்னு நான் முதல்ல மூணாவது மாடி எடுத்தேன், ஆறு மாசத்துல முட்டி போச்சு. சரின்னு கீழ் வீட்டுக்கு வந்தா மழைக்காலத்துல தரை எல்லாம் ஈரம் ஊறி செவுத்துல உப்பு பூத்துச்சு. முதல் மாடி தான் சரி. பாத்ரூம்ல எந்த டைல்ஸ் போட்டிருக்கான்னு பாருங்க, வழவழன்னு இருந்தா வேணாம், கைப்பிடி அடிச்சுக்க ஓனர் சம்மதிப்பாரான்னு முன்கூட்டியே கேட்டுக்கோங்க. என் முதல் ஓனர் வாயால சொன்ன வாடகை ஒண்ணு, ரெண்டாவது மாசம் கேட்டது ஒண்ணு, "நீங்க இந்தியாக்காரங்க தானே, உங்களுக்கென்ன"ன்னு சொன்னாரு. அதனால பேப்பர்ல எழுதி வாங்குங்க, கரண்ட், தண்ணி, குப்பை எல்லாம் அதுல உண்டா இல்லையான்னு எழுதணும்.

அப்புறம் அவங்க மாசம். இங்க பிக்ரம் சம்வத்னு நம்ம இங்கிலீஷ் வருஷத்த விட 56, 57 வருஷம் முன்னாடி ஓடற காலண்டர், வாடகை பில்லு எல்லாமே அதுல தான். மத்த இந்தியாக்காரங்க நெறைய பேருக்கு இது மண்டை காயும், நமக்கு இல்ல! அவங்க மாசம் பொறக்கறதும் நம்ம தமிழ் மாசம் பொறக்கறதும் ஒரே நாள், இல்லன்னா ஒரு நாள் முன்ன பின்ன. பைசாக் ஒண்ணுன்னா நம்ம சித்திரை ஒண்ணு. ஊர்ல இருந்து ஒரு தினசரி காலண்டர் கொண்டு வந்து மாட்டினேன், பக்கத்து வீட்டம்மா "இன்னிக்கு தேதி என்ன"ன்னு எங்கிட்ட தான் கேப்பாங்க. ஆனா நம்ம பென்ஷன் இங்கிலீஷ் மாசக் கடைசியில வரும், வாடகை மாச நடுவுல குடுக்கணும், அத மனசுல வெச்சு காசை பிரிச்சு வெச்சுக்கணும்.

காசு கொண்டு வர்றது. பென்ஷன் ஊர் பேங்க்லயே விழட்டும், அத எதுவும் மாத்தாதீங்க. அங்கேருந்து எடுக்க மூணு வழி இருக்கு. ஒண்ணு ஏடிஎம், நம்ம கார்டு இங்க வேலை செய்யும், ஆனா ஒவ்வொரு தடவையும் சார்ஜ் புடிப்பாங்க, அதனால ஆயிரம் ஐநூறா எடுக்காம மாசத்துக்கு ஒரு தடவை எடுங்க. ரெண்டு, யுபிஐ, 2024 மார்ச்ல இருந்து ஃபோன்பேன்னு இங்க இருக்கற க்யூஆர்ல நம்ம ஆப் வெச்சு கட்டலாம், நம்ம ஊர் ஃபோன்பே வேற இது வேற, பேர் மட்டும் ஒரே மாதிரி, ஆப்ல இன்டர்நேஷனல்னு ஒரு ஆப்ஷன் ஆன் பண்ணணும், அத ஊர்லயே பண்ணிட்டு வாங்க. மூணு, இந்தோ நேபாள் ரெமிட்டன்ஸ்னு 2008ல ரிசர்வ் பேங்க் கொண்டு வந்த வழி, நெஃப்ட் மாதிரியே இந்தியால இருந்து நேபாள பேங்க் அக்கவுண்டுக்கு ஒரு தடவைக்கு 2 லட்சம் வரைக்கும் போடலாம், வருஷ அட்வான்ஸ் வாடகைய நான் அப்படித் தான் ஓனருக்கு போட்டேன். கையில கொண்டு வர்றதுன்னா 100 ரூபா நோட்டா கொண்டு வாங்க. 200, 500 விஷயத்துல ரெண்டு அரசாங்கமும் மாத்தி மாத்தி ரூல் போட்டிருக்காங்க, பார்டர்ல நின்னு வாக்குவாதம் பண்ற வயசா நமக்கு.

இதுல எல்லாரும் மாட்டறது ஓடிபில தான். பேங்க், ஆதார், பென்ஷன் எல்லாமே இந்திய நம்பருக்கு தான் ஓடிபி அனுப்பும். நான் சிம்ம ரீசார்ஜ் பண்ணாம விட்டுட்டு ரெண்டு மாசம் என் சொந்தக் காசை நானே எடுக்க முடியாம உக்காந்திருந்தேன். கிளம்பறதுக்கு முன்னாடி இன்டர்நேஷனல் ரோமிங் ஆன் பண்ணி, ரீசார்ஜ் தேதிய காலண்டர்ல சிவப்பு பேனால வட்டம் போட்டு வெச்சுக்கோங்க. இங்க பேசறதுக்கு என்டிசியோ என்செல்லோ ஒரு லோக்கல் சிம், பாஸ்போர்ட் காட்டினா குடுப்பாங்க. ரெண்டு சிம் போடற போனா இருக்கட்டும்.

லைஃப் சர்ட்டிஃபிகேட். மத்திய அரசு பென்ஷனர்னா நவம்பர், 80 தாண்டினவங்க அக்டோபர்லயே குடுக்கலாம். வெளிநாட்டுல இருந்துக்கிட்டே தூதரகத்துல கையெழுத்து வாங்கி அனுப்பற வழியும் இருக்கு, ஆனா தூதரகம் காத்மாண்டு லைன்சௌர்ல இருக்கு, பொக்காராவுல இருந்து 200 கிலோமீட்டர். பொக்காராவுலயே ஒரு இந்திய பென்ஷன் ஆபீஸ் இருக்கே, அங்க போலாமேன்னு நானும் ஆசையா போனேன், அது இந்திய ராணுவத்துல இருந்து ரிட்டயர் ஆன கூர்க்காக்களுக்கு, நம்ம மாதிரி சிவிலியனுக்கு இல்ல. வாசல்ல வரிசையா தொப்பி போட்ட தாத்தாங்க, எல்லாரும் கையில ஃபைலோட, அப்படியே எங்க ஹெட் போஸ்ட் ஆபீஸ் ஒண்ணாந்தேதி மாதிரி இருந்துச்சு, ஒரு மணி நேரம் சும்மா உக்காந்துட்டு வந்தேன். இப்ப நான் என்ன பண்றேன்னா தீபாவளிய ஒட்டி ஊருக்கு போறேன், ஜீவன் பிரமாண்ங்கற டிஜிட்டல் லைஃப் சர்ட்டிஃபிகேட்ட அங்கயே முடிச்சு, பல் டாக்டர், கண் டாக்டர் எல்லாம் பாத்துட்டு திரும்பறேன். ஸ்டேட் கவர்மென்ட் பென்ஷனர்ங்க உங்க நேர்காணல் எந்த மாசம்னு கருவூலத்துல கேட்டு அதுக்கு ஏத்த மாதிரி டிக்கெட் போடுங்க. வருஷத்துல 182 நாளோ அதுக்கு மேலயோ இந்தியால இருக்கீங்களா இல்லையாங்கறத பொறுத்து வருமான வரி கணக்கு மாறும், அத மட்டும் ஒரு ஆடிட்டர்கிட்ட ஒரு தடவை கேட்டுக்கோங்க, பேங்க்லயும் சொல்லணும்.

உடம்பு. இது தான் பெரிய விஷயம், இதுல நான் சும்மா தைரியம் சொல்ல மாட்டேன். ஊர்ல நீங்க போட்டிருக்கற மெடிக்கல் இன்ஷூரன்ஸ் சாதாரணமா இந்தியாவுக்குள்ள மட்டும் தான். அதுக்காக நிறுத்திடாதீங்க, அது தான் உங்க கடைசிக் கயிறு, பிரீமியம் ஒரு வருஷம் விட்டாலும் இந்த வயசுல திரும்ப சேர்றது ரொம்ப கஷ்டம். பொக்காராவுல மணிப்பால் டீச்சிங் ஹாஸ்பிடல் இருக்கு, கண்டகி மெடிக்கல் காலேஜ் இருக்கு, காய்ச்சல், எலும்பு முறிவு, சுகர் இதுக்கெல்லாம் போதும். அதுக்கு மேலன்னா காத்மாண்டு, இல்ல டெல்லி, இல்லன்னா பார்டர் தாண்டி கோரக்பூர் எய்ம்ஸ். இதயத்துல ஸ்டென்ட் வெச்சவங்க, டயாலிசிஸ்ல இருக்கறவங்க, கீமோ முடிச்சு இன்னும் செக்கப்ல இருக்கறவங்க தயவு செஞ்சு இங்க வராதீங்க, வர்றதுன்னா ரெண்டு மாசம் இருந்துட்டு போங்க. பிபி சுகர் மாத்திரை இந்தியக் கம்பெனியோடதே இங்க கெடைக்கும், பிராண்ட் பேரோட உள்ள இருக்கற மருந்துப் பேரையும் எழுதி வெச்சுக்கோங்க. நான் ஒரு லட்சத்த தனியா எஃப்டில போட்டு தொடாம வெச்சிருக்கேன், ஆஸ்பத்திரி அட்வான்ஸ், ஃபிளைட் டிக்கெட்டு ரெண்டுக்கும். ஆம்புலன்ஸ் 102, போலீஸ் 100, கதவுக்குப் பின்னால பெருசா எழுதி ஒட்டுங்க.

மாசச் செலவு கேப்பீங்க. வாடகை 10,000, மளிகை காய் பால் 8,000 கிட்ட, கரண்ட் கேஸ் நெட் தண்ணி ஜார் எல்லாம் 3,000, வாரத்துக்கு மூணு நாள் வர்ற பொண்ணுக்கு 3,500, மருந்து 2,500. மொத்தம் 27,000, எல்லாம் நம்ம ரூபா கணக்கு. மிச்சத்துல ஊருக்கு போக வர, பேரனுக்கு ஏதாவது. ரெண்டு கேஸ் சிலிண்டர் வெச்சுக்கோங்க. 2015ல பார்டர் அடைச்சு மாசக்கணக்கா கேஸ் இல்லாம இவங்க விறகடுப்புல சமைச்ச கதைய தெருவே சொல்லும். 2025 செப்டம்பர்ல இளைஞர் போராட்டத்துல ஆட்சியே கவுந்து ஊரடங்கு போட்டப்போ நான் வீட்ட விட்டு நகரல, அரிசி பருப்பு மாத்திரை ரொக்கம் எல்லாம் ரெண்டு வாரத்துக்கு கையில இருந்ததால பயம் தெரியல. பையன் தான் அங்க டிவி பாத்துட்டு மணிக்கு ஒரு போன்.

ஜனங்க எப்படின்னு கேட்டா, வயசான பொம்பளைய இங்க "ஆமா"ன்னு கூப்பிடுவாங்க, அம்மான்னு அர்த்தம். முதல் மாசம் கடைக்காரப் பையன் "ஆமா, ஆமா"ன்னு சொல்லிட்டே இருக்க, இவன் எதுக்குடா எல்லாத்துக்கும் ஆமாங்கறான்னு நான் முழிச்சேன். கொஞ்சம் வயசு கம்மியா தெரிஞ்சா தீதி, அக்கான்னு அர்த்தம். ஹிந்தி எல்லாருக்கும் புரியும், எனக்குத் தெரிஞ்ச ஹிந்தி போஸ்ட் ஆபீஸ் ஹிந்தி, அதுவே ஓடுச்சு. ஆனா ஒரு ஆறு மாசம் நேபாளி கத்துக்கோங்க, பேரம் பேசற விலை அங்கயே பாதி எறங்கும். டூர் வந்தப்போ கேக்கலன்னாலும், குடி வந்துட்டா தனியா இருக்கீங்களான்னு இங்கயும் கேப்பாங்க, "பையன் வந்து போவான்"னு சொல்லி வெச்சுடுங்க, எல்லாருக்கும் உண்மைக் கணக்கு ஒப்பிக்கணும்னு இல்ல. காலைல எட்டு மணிக்கு நான் ஜன்னல் திரைய தொறக்கலன்னா எதுத்த வீட்டு பஹினி, அதாவது தங்கச்சி, வந்து கதவ தட்டணும்னு ஒப்பந்தம், அதுக்கு பதிலா அவ பொண்ணுக்கு நான் கணக்கு சொல்லித் தர்றேன். தசைன்னு இவங்களோட பெரிய பண்டிகை வந்துட்டா ஊரே காலி, வேலைக்கார பொண்ணு கிராமத்துக்கு போயிடுவா, கடை பாதி மூடிடும், அதனால முன்னாடியே வாங்கி வெச்சுடணும். ஆனா அந்தப் பண்டிகையில பெரியவங்க கையால நெத்தில டீக்கா வாங்கறது தான் விசேஷம், என் வீட்டுக்கு போன வருஷம் பதினோரு பேர் வந்தாங்க, திருச்சில பொங்கலுக்கு கூட அத்தனை பேர் வந்ததில்ல.

செத்துப் போனா என்னன்னு நெறைய பேர் மெதுவா கேக்கறாங்க, சத்தமாவே கேளுங்க. உடம்ப ஊருக்கு கொண்டு போறதுக்கு தூதரகத்துல பேப்பர் வாங்கணும், செலவும் அலைச்சலும் புள்ளைங்க தலைல. நான் இங்கயே எரிச்சுடுங்கன்னு தமிழ்ல ஒண்ணு, இங்கிலீஷ்ல ஒண்ணு எழுதி கையெழுத்து போட்டு, பாஸ்போர்ட் காப்பியோட பையன்கிட்ட ஒரு கவர், எதுத்த வீட்டுல ஒரு கவர். உயில், நாமினி, பேங்க்ல ஜாயின்ட் பேர் எல்லாம் கிளம்பறதுக்கு முன்னாடி ஊர்லயே முடிங்க. பையன் அந்த லெட்டர படிச்சுட்டு ஒரு வாரம் எங்கூட பேசல. அப்புறம் அவனே போன் பண்ணி நெய் வாங்கிட்டு வரச் சொன்னான்.

வர்ற வழி. சென்னைல இருந்து டெல்லி, டெல்லில இருந்து காத்மாண்டு ஃபிளைட், அங்கேருந்து பொக்காராவுக்கு அரை மணி நேரம் சின்ன ஃபிளைட், அதுல இந்தியர்களுக்குன்னு தனி ரேட், வெள்ளைக்காரங்க ரேட்ட உங்ககிட்ட கேட்டா விடாதீங்க. காசு மிச்சம் பண்ணணும்னா சென்னை வழியா போற ராப்திசாகர் எக்ஸ்பிரஸ் ரயில்ல கோரக்பூர், அங்கேருந்து சோனௌலி பார்டர், நடந்தே தாண்டலாம், அப்புறம் பொக்காராவுக்கு பஸ், எட்டு மணி நேரமாவது ஆகும். மழைக்காலத்துல அந்த பஸ்ல ஏறாதீங்க, ராத்திரி பஸ் எந்தக் காலத்துலயும் வேணாம், 2024 ஜூலைல மண் சரிஞ்சு ரெண்டு பஸ் திரிசூலி ஆத்துல போனது ராத்திரி நேரத்துல தான். அடையாளத்துக்கு பாஸ்போர்ட், இல்லன்னா வோட்டர் ஐடி. ஆதார் மட்டும் வெச்சுக்கிட்டு ஃபிளைட் ஏற முடியாது, 65 தாண்டினவங்களுக்கு தான் அதுல சலுகை, அதுக்கும் கவுன்டர்ல நாலு கேள்வி கேப்பாங்க.

பெட்டில துணிய கொறச்சு சாமான ஏத்துங்க. ஃபில்டர் காப்பிப் பொடி, புளி, பெருங்காயம், நல்லெண்ணெய், மிளகாப்பொடி கண்டிப்பா, இங்க எல்லாமே கடுகெண்ணெய் தான், அந்த வாசனை பழக எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. உளுந்து கெடைக்கும், மாஸ்னு கேளுங்க, கறுப்பா தோலோட குடுப்பாங்க, இட்லி கொஞ்சம் சாம்பல் கலர்ல வரும், ருசி பரவால்ல. ஜனவரில ராத்திரி ஆறு ஏழு டிகிரி, ரூம்ல ஹீட்டர் எதிர்பாக்காதீங்க, மாவும் பொங்காது, அரிசி டப்பாக்குள்ள வெச்சு கம்பளி போத்தணும். தேங்கா யானை விலை. கறிவேப்பிலை செடிய தொட்டில வெச்சேன், பொக்காரா 800 மீட்டர் சொச்சம் தானே, புடிச்சுக்கிச்சு, இப்ப தெருவுக்கே அது தான். மழைக்காலத்துல ஏரிக்கரைப் புல்லுல நடந்தா அட்டை ஏறும், பதறிப் போய் பிச்சு எடுக்காதீங்க, கைப்பையில ஒரு சின்னப் பொட்டலம் உப்பு வெச்சிருந்தா ஒரு சிட்டிகை போட்டாலே தானா விழுந்துடும்.